ஆள் உயிரோடு இருக்கிறாரா?

ஒவ்வொரு தை மாதமும் அரசாங்கம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டது. ஆள் உயிரோடு இருக்கிறாரா?

கிளிநொச்சியில் ஒரு பிரதேச செயலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். அரச அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விடயத்தை ஒப்படைப்பார்கள். ஒருவருக்குக் காணி, இன்னொருவருக்கு நிவாரணம். எனக்கு விழுந்தது ஓய்வூதியம். ஓய்வூதியம் எடுக்கிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை நேரில் வந்து, தாம் இன்னும் சாகவில்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். உயிர்வாழ் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். நான் முகத்தைப் பார்ப்பேன், கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு ஒப்பிடுவேன், முத்திரை குத்துவேன். சமாதான காலத்தில் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிற வேலை. யுத்த காலத்தில் அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சிலிர்ப்பு.

வன்னிக்கு வெளியே இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். நிலம் புலிகள் இயக்கத்தின் கையில் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாவட்ட நிர்வாகம் நடக்கிற கச்சேரி எல்லாம் அரசாங்கச் செலவில் நடந்தன. ஆசிரியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. விமானம் குண்டு போட்டதும் அதே கொழும்பின் கட்டளையில். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நிவாரண அரிசி லொறியில் வரும். சீமெந்துக்கும் பற்றரிக்கும் தடை. ஒருமுறை குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரண்டு பக்கமும் சுடாமல் இருந்தார்கள். அன்று தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நடந்து போனதை வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பழையபடி பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இராணுவத்திடம் பறிபோனபோது சனம் எல்லாம் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கம் ஓடியது. அலுவலகமும் ஓடியது. மூன்று றங்குப்பெட்டி நிறைய அலுவலகக் கோவைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற நான் சாரதியோடு சண்டை பிடித்தேன். அவர் நெல்மூட்டை ஏற்ற வேண்டும் என்றார். "நெல்லு அடுத்த போகம் விளையும், இது விளையாது" என்று கத்தினேன். கோவைகள் ஏறின. என் சேலைப்பெட்டி ஏறவில்லை. கட்டியிருந்த சேலையோடு வந்து சேர்ந்தேன் என்று அம்மா ஒரு மாதம் என்னைத் திட்டினாள்.

ஸ்கந்தபுரத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டு அலுவலகம் தொடங்கினோம். அந்த மாதச் சம்பளம் வந்தது. நான் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். கிளிநொச்சியில் என் கதிரையில் அந்நேரம் ஒரு இராணுவ வீரன் இருந்திருப்பான். அவனுக்கும் எனக்கும் ஒரே பெட்டியிலிருந்து சம்பளம். அவன் சுட்டான், நான் எழுதினேன்.

கொட்டிலில் வேலை குறைந்த நாட்களில் மூன்றாவது பெட்டியைத் திறந்து பழைய கோவைகளை வாசிப்பேன். வெள்ளைக்காரன் காலத்துக் கடிதங்கள், சாய்ந்த எழுத்தில், செல்லரித்தவை. கப்பல் அரிசி நின்றால் இந்தத் தீவு என்ன தின்னும் என்ற பயம் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பயத்தில்தான் காட்டுக்குள் குளமும் வாய்க்காலும் கட்ட முடிவெடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து உருத்திரபுரத்திலும் வட்டக்கச்சியிலும் காணி கொடுத்த கடிதங்களும் இருந்தன. பிறகு உலக யுத்தம். அரிசி குறைந்தது, பங்கீட்டுக் கூப்பன் வந்தது. யுத்தம் முடிந்தது. கூப்பன் போகவில்லை. யுத்தத்துக்கென்று கூட்டின செலவு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. அந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் இலவசப் பள்ளிக்கூடமும் மலிவு அரிசியும் வந்து குந்திக்கொண்டன. படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. அரசாங்கம் என்பது கோபமோ இரக்கமோ உள்ள ஒரு ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது நூறு வருடப் பழக்கம். தொடங்கினதை நிறுத்தத் தெரியாத பழக்கம்.

ஓவசியர் ஐயா ஒருவர் இருந்தார். உருத்திரபுரத்துக்காரர். நீர்ப்பாசன வாய்க்கால்களை மேற்பார்வை செய்து இளைப்பாறியவர். அவரும் இடம்பெயர்ந்து அக்கராயன் வாய்க்கால் கரையில் தறப்பாள் கொட்டிலில் இருந்தார். தண்ணீர் இல்லாத வாய்க்காலைக்கூடக் கரையில் நின்று கண்ணால் அளந்து பார்க்கிற மனிதர். தொண்ணூற்றேழு தையில் சான்றிதழுக்கு வந்தார்.

அப்போது படிவத்துக்குத் தட்டுப்பாடு. பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் தாள் கிழித்து, அடிமட்டம் வைத்துக் கட்டங்கள் கீறி, நானே படிவம் செய்வேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இந்த வருஷமும் கேக்கிறாங்களோ?"

"ஓம் ஐயா. கேக்காமல் விடமாட்டாங்கள்."

"செல்லடிக்கிறதும் அவங்கள். அடிச்சுப்போட்டு, ஆள் உயிரோட இருக்கோ எண்டு கேக்கிறதும் அவங்கள். குறி தப்பினதோ எண்டு பாக்கத்தான் உன்னை இதில இருத்தி வைச்சிருக்கிறாங்கள் போல."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்காமல், கட்டத்துக்குள் அளவாகக் கையெழுத்து வைத்தார். நான் முத்திரை குத்தினேன்.

சில மாதங்களில், ஒரு காலை, அக்கராயன் சங்கக்கடைக்குப் பக்கத்தில் செல் விழுந்தது. நிவாரணத்துக்கு வந்து நின்றவர்களில் நாலுபேர் செத்துப்போனார்கள். ஒருவர் ஓவசியர் ஐயா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தா. அக்கா என்றுதான் நான் அவாவைக் கூப்பிடுவேன். ஒரு பொலித்தீன் பையில் ஓய்வூதிய அட்டை, கல்யாண எழுத்துப் பதிவுத் துண்டு, அவருடைய கண்ணாடி. கண்ணாடியை ஏன் கொண்டுவந்தா என்று நான் கேட்கவில்லை. அவர் பெயருக்கு வருகிற ஓய்வூதியம் நின்றுவிடும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. வேலை செய்கிற காலம் முழுக்க அவருடைய சம்பளத்தில் அதற்கென்று மாதாமாதம் கழித்திருப்பார்கள். அதற்குத்தான் அவா விண்ணப்பிக்க வேண்டும். ஒரே மகள் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணம் வராவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூலிக்குக் களை பிடுங்கப் போக வேண்டியதுதான். அதை அக்கா சொல்லிவிட்டு, வேறொன்றும் சொன்னா.

"அரிசிப்பை கிழியேல்லைத் தங்கச்சி. அவற்ற கையிலதான் கிடந்தது. செத்தவீட்டுச் சனம் எல்லாம் போனாப்பிறகு, ரெண்டு மூண்டு தரம் கழுவிப்போட்டு அவிச்சனான். பிள்ளை பசியில கிடந்தவள். வேற என்ன செய்யிறது?"

"நான் எல்லாம் பாக்கிறன் அக்கா, நீங்கள் போங்கோ" என்று மட்டும் சொன்னேன். அந்த வாக்குத்தான் என்னைக் கெடுத்தது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: மரணத்துக்கான காரணம். பேனையை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தேன். எங்களுடைய தபால் பை அரசாங்கத்தின் கையிலிருந்த வவுனியாவுக்குப் போகும் வழியில் இராணுவம் திறந்து பார்க்கும். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினால் செல்லடி என்று யாரும் எழுதுவதில்லை. "இரண்டு நாளாக நல்ல மழை" என்று எழுதுவோம். வாசிக்கிறவர்களுக்குப் புரியும். வன்னியில் எல்லோருடைய கையும் தானாகவே அப்படி எழுதப் பழகியிருந்தது. அதே கை அரச படிவத்திலும் எழுதிவிட்டது. நீ கொன்ற ஆளுக்கு நீயே காசு கொடு என்று அரசாங்கத்தைக் கேட்டால் அது கொடுக்குமா? கேட்பதற்கே துணிவு வேண்டும். நான் மாரடைப்பு என்று எழுதினேன்.

மரணச் சான்றிதழிலும் அப்படியே இருக்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவாளர் அதே கொட்டிலில் பக்கத்து மேசை. கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் பதிவுப் புத்தகத்தை விரித்தார்.

"செல் விழுந்தால் நெஞ்சு நிக்கும்தானே" என்றார். "அப்ப இது பெரிய பொய்யெண்டு சொல்லேலாது."

எழுதிக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் நல்ல காரியம் செய்த திருப்தி. அன்று தேநீர் கொஞ்சம் சீனி கூடப் போட்டுக் குடித்தோம்.

நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஓய்வூதியத்தைப் பார்க்கிற கொழும்பு அலுவலகத்திலிருந்து, தமிழில், தட்டச்சில். மேற்குறிப்பிட்டவர் மாரடைப்பினால் இறந்ததாகத் தங்கள் விண்ணப்பத்திலும், எறிகணை வெடிப்பினால் இறந்ததாக இணைக்கப்பட்ட பட்டியலிலும் காணப்படுகிறது. எது சரியெனத் தெளிவுபடுத்தும்வரை கொடுப்பனவு நிறுத்திவைக்கப்படுகிறது.

இணைப்பைப் பார்த்தேன். எங்கள் கிராம அலுவலர், விதானையாரின் பட்டியல். சங்கக்கடையில் செத்த நாலுபேரின் பெயரையும் செத்த விதத்தையும் அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கச்சேரிக்கு அனுப்பியிருக்கிறார், செத்தவீட்டு உதவிக்காக. அதில் ஒருவர் ஓய்வூதியர் என்று கண்ட யாரோ, கொடுப்பனவை நிறுத்தச் சொல்லி ஒரு பிரதியைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். மழைக்கும் செல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதினது நான் ஒருத்திதான். விதானையார் பயப்படவில்லை. அவருடைய பட்டியலும் அதே இராணுவத்தின் கண்ணுக்கு முன்னால்தான் போயிருக்கிறது. ஓவசியர் ஐயா அரசாங்கக் கோவையில் இரண்டுமுறை இறந்துபோனார், ஒன்று என் கையால்.

இரவு பகல் பயம். பொய்ச் சான்று கொடுத்ததற்கு என் வேலை போகலாம், பதிவாளர் வேலையும் போகலாம். அதைவிட, அக்காவுக்கு வரவேண்டிய காசை நானே மறித்துவிட்டேன் என்ற நினைப்பு. பிள்ளை ஏற்கெனவே சில நாள் பள்ளிக்கூடம் வரவில்லை என்று ஆசிரியை ஒருவர் சொன்னா. ஒரு சனிக்கிழமை சைக்கிளில் அக்கராயனுக்குப் போனேன். அக்கா கொட்டில் வாசலில் கூலிக்கு நெல் குற்றிக்கொண்டிருந்தா. பக்கத்தில் மகள் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அக்கா உலக்கையைக் கொட்டில் கம்பத்தில் சாத்தினா. சத்தம் போடுவா என்று காத்திருந்தேன்.

"ஆர் உங்களைப் பொய் எழுதச் சொன்னது?"

"உங்களுக்குக் காசு வராமல் போயிடும் எண்டு பயந்திட்டன் அக்கா."

"எனக்காகப் பொய் சொன்னீங்கள் சரி. அவருக்காக ஒரு உண்மை சொல்ல ஆரும் இல்லையோ? அவருக்கு நெஞ்சில ஒரு நோய் வருத்தமும் இருக்கேல்லை. முப்பது வருஷம் வாய்க்கால்கரையால நடந்த மனுசன்."

"அதை எழுதினால் காசு வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

"வராட்டில் நெல்லுக் குத்துறன். இப்பவும் அதைத்தானே செய்யிறன். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ."

மகள் சுளகோடு எழுந்து உள்ளே போனாள். நான் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை அப்பியாசக் கொப்பித் தாளில் என் கையால் எழுதினேன். தட்டச்சு இயந்திரத்தின் நாடா காய்ந்துபோய் இருந்தது. இன்னார், இன்ன நாள் காலை, நிவாரண அரிசி வாங்கி நின்றபோது, கிளிநொச்சி இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த எறிகணையில் கொல்லப்பட்டார். மாரடைப்பு என்று எழுதியது என் பிழை. விதவைக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கில்லை. விண்ணப்பத்தையும் அப்படியே புதிதாக நிரப்பி இணைத்தேன். பதிவாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் பதிவைத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தார். பிரதேச செயலாளர் என் கடிதத்தை ஆற அமர வாசித்தார். எறிகணை என்ற சொல்லை மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன்.

"விதானையார் எழுதேக்க உலகம் முடியேல்லைத்தானே" என்று சொல்லிவிட்டுக் கீழே கையெழுத்து வைத்தார்.

பை வவுனியாவுக்குப் போனது. அதன் பிறகு வவுனியா வீதியில் சண்டை நடந்த புளியங்குளம் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வெடிச்சத்தமும் என் கடிதத்தைத் தேடி வருகிற மாதிரி எனக்குப் பட்டது. பையைத் திறக்கிற சிப்பாய் அதை வாசிப்பான், கிழிப்பான். கிழிக்காவிட்டால் கொழும்பில் யாரோ ஒரு பெரிய அதிகாரி சிவந்துபோய்க் கத்துவார். அப்படியெல்லாம் நினைத்து நினைத்துப் பாதி ஆளானேன். மாதங்கள் போயின. சிப்பாய் கிழிக்கவில்லை. பதில் வந்தது.

புது விண்ணப்பத்தின் பிரதியோடு நாலு வரி. தெளிவுபடுத்தல் கிடைத்தது. திருத்திய மரணச் சான்றிதழ் ஏற்கப்படுகிறது. விதவை ஓய்வூதியம் அவர் இறந்த மறுநாளிலிருந்து அனுமதிக்கப்படுகிறது. இனிமேல் பதிவுகளில் கவனம் தேவை.

அவ்வளவுதான். செல் யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. விண்ணப்பப் பிரதியில் யாரோ ஒரு எழுதுவினைஞர் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சரி போட்டிருந்தார். பிறந்த திகதி, சரி. விவாகத் திகதி, சரி. மரணத்துக்கான காரணம், இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த எறிகணை, சரி. எல்லாச் சரியும் ஒரே அளவு. அவர் தேநீரைக் குடித்துக்கொண்டு அதைப் போட்டிருப்பார். என் மாதிரி ஒரு ஆள்தான்.

அந்தச் சிவப்புச் சரியை அன்று எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, தாளைக் கிழிக்க வேண்டும் போலவும் இருந்தது. என் மூன்றாவது பெட்டியில் கிடந்த பழக்கம் இதுதான் என்று அப்போது முழுசாக விளங்கியது. என்றோ ஒரு வெள்ளைக்காரன் தன் உத்தியோகத்தரின் பெண்சாதிமாருக்கென்று எழுதிவைத்த விதி, அரசுகள் மாறி, கொடி மாறி, யுத்தம் வந்து, யுத்த முன்னரங்கைத் தாண்டி, அக்கராயன் வாய்க்கால்கரையில் நெல் குற்றுகிற ஒரு பெண்ணைத் தேடி வந்துவிட்டது. அந்த விதிக்கு இரக்கம் இல்லை. வெட்கமும் இல்லை. செல்லை அனுப்பிய பட்டியலும் காசை அனுப்பிய பட்டியலும் ஒரே வரவுசெலவுத் திட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும். ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்றை நான் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

பழைய மாதங்களுக்கான காசு சேர்ந்து வந்தது. மகள் பள்ளிக்கூடம் போனாள். அக்கா நெல் குற்றுவதை விடவில்லை.

அடுத்த தை மாதம் அக்கா அலுவலகத்துக்கு வந்தா. இனி அவாவும் ஓய்வூதியர். ஆண்டுக்கொருமுறை உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். நான் கொப்பித்தாளில் கட்டம் கீறி அவாவுக்கு முன்னால் வைத்தேன். ஓவசியர் ஐயா சொன்ன பகிடி நினைவுக்கு வந்து, என்னால் நிமிர்ந்து முகம் பார்க்க முடியவில்லை.

"இது என்ன தங்கச்சி?"

"நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு எழுதிக் குடுக்க வேணும் அக்கா."

"ஆருக்கு?"

"கொழும்புக்கு. அரசாங்கத்துக்கு."

அக்கா பொலித்தீன் பையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டா. கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. தாளைக் கிட்டப் பிடித்து வாசித்தா.

"இந்தத் தாளும் ஆமிக்காரன் பாக்கத்தானே போகும்?"

"ஓம் அக்கா."

"ஒவ்வொரு வருஷமும் கேப்பாங்களோ?"

"நீங்கள் இருக்குமட்டும் கேப்பாங்கள்."

அவா பேனையை வாங்கினா. கையெழுத்து வைக்கிற இடத்தில் தன் முழுப்பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி அழுத்தி எழுதினா. எழுத்துகள் நான் கீறிய கட்டத்துக்குள் அடங்கவில்லை. மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் வெட்டிக்கொண்டு, தாளின் விளிம்புவரை போயின.

"அக்கா, கட்டத்துக்குள்ள எழுதோணும்."

"அவங்களுக்கு நல்ல வடிவாத் தெரியட்டும்" என்றா.

நான் தாளை மாற்றவில்லை. முத்திரையை எடுத்து, அவாவின் பெயரில் படாமல், ஓரத்தில் குத்தினேன்.